சி பிளாக்குக்குக் குடிவந்த ஏரி

செவலூர் ஏரி தன் இடத்தை விட்டுக் கிளம்பி, செரினோ லேக்ஃபிரண்ட் அடுக்குமாடிக் குடியிருப்பின் சி பிளாக், மூன்றாவது மாடி, 304ஆம் எண் வீட்டுக்குக் குடிவந்தது ஒரு புதன்கிழமை காலையில், பள்ளி வேன் போன பிறகு, தண்ணீர் லாரி வருவதற்கு முன்பு. அது வந்ததில் அங்கே யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. வருவதற்கு முன் அசோசியேஷனுக்கு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கலாமே என்ற வருத்தம்தான் இருந்தது.

அந்த வீட்டில் மேகலா, அவள் கணவன் சுகந்தன், மகள் இதழினி என்று மூன்று பேர். மேகலா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீசியன். சுகந்தன் விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதுகிறவன், எந்தப் பொருளையும் பார்க்காமலேயே அதைப் பற்றி நாலு வரி நெகிழ்ச்சியாக எழுதிவிடக்கூடியவன். இதழினியின் நாலாவது பிறந்தநாளுக்கு அவன்தான் அந்த ஆமையை வாங்கி வந்தான். நாணயம் அளவுதான் இருந்தது, பச்சைப் பசேலென்று, கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டு, ஏதோ அயல்நாட்டு ஆற்றில் பிறந்திருக்க வேண்டியது எதற்காகவோ ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பிறந்துவிட்டதுபோல முழித்துக்கொண்டிருந்தது. "இது இவ்ளோதான் சார், இதுக்கு மேல வளராது" என்று வண்ணமீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதை யாரும் ஆமையிடம் சொல்லவில்லைபோலிருக்கிறது. ஆறு மாதத்தில் வடை அளவு ஆனது, இரண்டாம் வருடம் பூரி அளவு ஆனது, நாலாம் வருடம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து, தன் பெயர் பிஸ்கட் என்பதைக் கடைசிவரை தெரிந்துகொள்ளாமல், தீனி போடுகிற விரலையும் தீனியையும் ஒன்றாகவே பாவித்துக் கடித்துக்கொண்டிருந்தது.

சென்னை வெயில் போதாது என்று பிஸ்கட்டுக்கு ஒரு சூட்டு விளக்கு போட்டார்கள். அந்த விளக்கின் சூடு தாங்காமல் ஹாலுக்கு ஏசி போட்டார்கள். ஏசியின் குளிரில் ஆமைக்குச் சளி பிடித்துவிடும் என்று பயந்து இன்னொரு விளக்கு போட்டார்கள். குடிக்கவே லாரித் தண்ணீரை நம்பியிருந்த அந்தக் குடியிருப்பில், இரண்டு நாளைக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் நிரப்பினார்கள். தொட்டியைத் தேய்க்கிற வேலை மட்டும், எப்படி என்று தெரியாமலேயே, மேகலாவின் வேலையாகிவிட்டது.

"வீடே நாறுது, மேகி. இத எவ்ளோ நாள் வச்சிக்கிட்டிருக்கப் போறோம்?" என்றான் சுகந்தன் ஒரு நாள், நாலு வருடமாகத் தேய்த்தவளிடம்.

அவன் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மெதுவாக விசாரித்தபோது, இன்னும் நாற்பது வீடுகளில் இதே கதை என்று தெரியவந்தது. எல்லாரும் ஒரே சீசனில் வாங்கியிருந்தார்கள்; எல்லார் வீட்டிலும் அது வளராமல் இருக்க மறந்துபோயிருந்தது. குப்பையில் போடுவது பாவம், கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். அப்போதுதான் சுகந்தனுக்கு அந்த வார்த்தை கிடைத்தது. நாம் இவற்றைத் தொலைத்துக்கட்டவில்லை, விடுதலை செய்கிறோம் என்று அவன் எழுதினான். நாற்பத்தொரு வீடுகளும் ஒரே நேரத்தில் நெகிழ்ந்தன.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த கையோடு, குடியிருப்பின் பின்வாசல் வழியாக ஊர்வலமாக ஏரிக்கரைக்குப் போனார்கள். அந்த இரும்புக் கதவைத் திறந்தால் பத்தடியில் செவலூர் ஏரி, அதைக் காட்டித்தான் அத்தனை வீடுகளையும் விற்றிருந்தார்கள். பிரிந்து போகிற ஆமைகளின் முதுகில் குழந்தைகள் நகப்பூச்சால் பெயர் எழுதினார்கள்: லியோ, டஃபி, பெப்பர், ஜிலேபி. கரையில் கட்டிய பேனரில் 'சிறகு விரிக்கட்டும் நம் ஆமைகள்' என்று சுகந்தனின் வாசகம் இருந்தது. ஆமைக்குச் சிறகு ஏது என்று கேட்கிற மனநிலையில் யாரும் இல்லை. முதல் ஆமையாக பிஸ்கட்டை மேகலாதான் தண்ணீரில் விட்டாள்; மற்றவர்கள் பின்னாலேயே விட்டார்கள்; பலூன்களை வானத்தில் விட்டார்கள், அவை சற்று நேரம் யோசித்துவிட்டு ஏரியிலேயே இறங்கின.

அப்போது ஏரிக்குள் தெர்மாகோல் தெப்பத்தில் உட்கார்ந்து வலை வீசிக்கொண்டிருந்த முனிரத்தினம் துடுப்பை வேகமாகப் போட்டுக் கரைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது, கீழ்செவலூர்க்காரர், அந்த ஏரியில் மீன்பிடிக்க உரிமைச் சீட்டு வைத்திருந்தவர்.

"சார், இது நம்ம ஏரி ஆமை இல்லீங்களே. இத்த உள்ள வுட்டா பாசி, குஞ்சு, முட்டை ஒண்ணு வுடாம தின்னுப்புடுமே."

அசோசியேஷன் செயலாளர் கனகசபாபதி அவரைக் கனிவோடு பார்த்தார். பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், பேசும்போதே பத்தி பிரித்துப் பேசுவார். "பெரியவரே, அதுவும் ஒரு உயிர்தானே? ஏரி என்ன உங்களுக்கு மட்டும் சொந்தமா? இயற்கை பாத்துக்கும்."

எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ எடுத்துப் போட்ட வீடியோவை லட்சம் பேர் பார்த்தார்கள்.

இயற்கை பத்து மாதம் பார்த்துக்கொண்டது. ஏரியில் அல்லி இலைகள் ஓரத்திலிருந்து கடிபட்டுக்கொண்டே வந்து ஒரு நாள் காம்புகள் மட்டும் நின்றன. தலைப்பிரட்டைகள் தவளையாக நேரம் கிடைக்கவில்லை. ஏரியின் பூர்வீகக் கறுப்பு ஆமைகள் வெயில் காய்கிற பாறைகளில் சிவப்புக் கோட்டு ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்து, ஏற வந்த கறுப்பு ஆமைகளைத் தள்ளிவிட்டன. முனிரத்தினம் வலையை வீசினால் லியோ வந்தது, மறுபடி வீசினால் டஃபி வந்தது.

அப்புறம்தான் அந்தப் புதன்கிழமை.

பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த மேகலா, லிஃப்ட் திறந்து ஒரு கறுப்பு ஆமை இறங்கி வருவதைப் பார்த்தாள். வயதான ஆமை, ஓட்டில் ஒரு ஓரம் சிதைந்திருந்தது. அது அவசரப்படாமல் 304க்கு வந்து, வாசலில் கால் மிதியில் நின்று, அவள் வழிவிடும்வரை காத்திருந்து, விட்டதும் உள்ளே போய் நேரே குளியலறைக்குள் நுழைந்தது. அதன் பின்னால் பதினொரு தவளைகள் படியேறி வந்தன. விரால் மீன்கள் ஈரத் தரையில் வளைந்து வளைந்து வந்தன, அவற்றுக்கு அது பழக்கம்தான். கெண்டைகளும் கெளுத்திகளும் மோட்டார் வழியாக ஏறி ஷவரில் இறங்கின. மத்தியானத்துக்குள் குளியலறையில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைத் தண்ணீர் நின்றது. நிலைப்படி தாண்டி ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மேகலா லேபுக்கு போன் செய்து, வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள், இன்று லீவு வேண்டும் என்றாள்.

ஒரு குளியலறையில் ஓர் ஏரி எத்தனை நாள் இருக்கும்? அடுத்த வாரம் அது 302க்கும் 305க்கும் பரவியது, பிறகு மேலும் கீழும் பரவியது. மடையான் கொக்குகள் துணி காயப்போடுகிற பால்கனிகளில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றன. தாழைக்கோழிகள் சறுக்குமரத்தடியில் முட்டையிட்டன. மொட்டைமாடித் தொட்டியில் அல்லி பூத்தது. தண்ணீர்ப் பாம்புகள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போயின. அங்கே ஜனவரிக்குப் பிறகு யாரும் வருவதில்லை என்பதால் அவை நிம்மதியாக இருந்தன.

கனகசபாபதி சுற்றறிக்கை விட்டார். ஏரியைச் சேர்ந்தவர்கள் சாமான் ஏற்றும் லிஃப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் கத்தக் கூடாது. முட்டையிடுவதாக இருந்தால் மூன்று நாள் முன்னதாக அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். மீன்கள் சி பிளாக்கில் இருந்ததால் முனிரத்தினமும் சி பிளாக்குக்குத்தான் வரவேண்டியிருந்தது. தினமும் காலையில் வாசலில் செக்யூரிட்டி நீட்டுகிற நோட்டில் பெயர், ஊர், வீட்டு எண் எழுதி, வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'மீன் பிடிக்க' என்று எழுதி, செருப்பை வெளியே விட்டுவிட்டு வீடு வீடாகக் குளியலறைக்குள் தூண்டில் போட்டுவிட்டுப் போனார்.

மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும். பழகியது கொஞ்சம் லாபமாகவும் இருந்துவிட்டால் அது கலாசாரம் ஆகிவிடும். ஒரே மாதத்தில் ஏ பிளாக்காரர்கள், ஏரி தங்கள் பக்கம் வராதது பாரபட்சம் என்று மனு கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கேமராக்களோடு பறவை பார்ப்பவர்கள் வந்து பால்கனிகளை எட்டிப் பார்த்தார்கள். 'ஏரி பார்த்த வீடு பழைய கதை. ஏரியே பார்க்க வரும் வீடு' என்று சுகந்தன் எழுதிய வாசகத்தை பில்டர் பிடித்துக்கொண்டு, குடியிருப்பின் இரண்டாம் கட்டத்துக்கு அவனையே விளம்பரம் எழுத அமர்த்திக்கொண்டார். இரண்டாம் கட்டம் எங்கே வரப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. காலியாக இருந்த இடம் ஒன்றுதான் இருந்தது.

ஜூலை மாதம் ஓர் அதிகாரி வந்து ஏரிக்கரையில் நின்று பார்த்தார். கலங்கல் தண்ணீர் கிடந்தது; அதில் ஒரு தவளை இல்லை, ஒரு பறவை இல்லை, ஒரு பாசி இழை இல்லை; பாறைமேல் நாற்பத்தொரு ஆமைகள் உட்கார்ந்து அவரைப் பார்த்தன. அடுத்து சி பிளாக்குக்கு வந்து குளியலறைகளைப் பார்வையிட்டார். காபி குடித்தார். பத்து நாளில் சான்றிதழ் வந்தது. மேற்படி ஏரி தன் சொந்த விருப்பத்தின் பேரில் சி பிளாக்குக்கு முகவரி மாற்றிக்கொண்டுவிட்டபடியால், சர்வே எண் 117ஐ இனி ஏரியாகக் கருத வேண்டியதில்லை. மண் அடித்து நிரப்பலாம். ஆட்சேபணை இருந்தால் நூறு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.

அதை மேகலா 304இன் குளியலறை வாசலில் நின்று முனிரத்தினத்துக்குப் படித்துக் காட்டினாள். அவர் தூண்டிலை எடுக்காமல், முழங்கால் தண்ணீரில் கவிழ்த்த பக்கெட்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என் சீட்டு?" என்றார். "ஏரி இல்லன்னா ஏரில மீன் புடிக்கற சீட்டு எதுக்கும்மா ஆவும்?"

மேகலா, பதினோரு மாதமாகத் தொட்டி தேய்க்காத தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அவை நன்றாகத்தான் இருந்தன; அதுதான் அவளை உறுத்தியது.

"அண்ணே, நாப்பத்தோரு வீட்டுக்காரங்க விட்டோம். இதுங்க ஏன் மொதல்ல எங்க வீட்டுக்கு வந்துச்சு?"

"நீதானம்மா மொதல்ல வுட்ட. இருக்கறவங்க வூட்டுல நீ ஒருத்தர ஏத்திட்டா, இருந்தவங்க எங்க போவாங்க? ஏத்துனவங்க வூட்டுக்குத்தான் வருவாங்க." அவர் குரலில் கோபம் இல்லை; பஸ் எங்கே நிற்கும் என்று வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

"திருப்பிப் பிடிச்சிட்டா?"

"புடிக்கலாம். புடிச்சா வூட்டுல வச்சிக்கணும். வேற ஏரில வுட்டா அந்த ஏரி கெளம்பி இன்னொருத்தர் வூட்டுக்குப் போயிரும்."

"எத்தன வருஷம் வச்சிக்கணும்?"

"முப்பது, நாப்பது வருஷம் இருக்குமாம். மீன்துறை ஆளு ஒருத்தரு சொன்னாரு."

மேகலாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அவள் ஒரு கணக்குப் போட்டாள், பிறகு அந்தக் கணக்கை விட்டுவிட்டு, "எப்பண்ணே பிடிக்கப் போகலாம்?" என்று கேட்டாள்.

முனிரத்தினம் பிவிசி குழாய்களை நாலு பக்கமும் கட்டி, நடுவில் வலையைத் தொங்கவிட்டு, ஓரத்தில் ஒரு சாய்வுப் பலகை பொருத்தி ஒரு மிதவைக் கூண்டு செய்தார். வெயில் காயப் பலகையில் ஏறுகிற ஆமை மறுபக்கம் வலைக்குள் விழும். உள்ளே கோழிக்குடல். முதல் நாளே ஒன்று விழுந்தது. முதுகில் மங்கலான ரோஸ் நிறத்தில் பெப்பர் என்று எழுதியிருந்தது. மேகலா அதை வாளியில் போட்டுக்கொண்டு கனகசபாபதியின் வீட்டு மணியை அடித்தாள்.

"சார், உங்க பேத்தியோட ஆமை."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாளிக்குள் பார்த்தார். "இது எங்களது இல்லையேம்மா."

"பெப்பர்னு எழுதியிருக்கு சார்."

"அதே பேர்ல இன்னொரு ஆமை இருக்கக் கூடாதா? எங்க ஆபீஸ்ல மூணு கனகசபாபதி இருந்தோம்."

கதவு சாத்திக்கொண்டது. மேகலா பெப்பரைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய், பரணில் கிடந்த பழைய தொட்டியை இறக்கி, தண்ணீர் நிரப்பி அதில் விட்டாள். விட்ட கையோடு, குளியலறையிலிருந்து பதினொரு தவளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன, ஹாலைக் கடந்தன, படியிறங்கி, பின்வாசல் கதவுக்கு அடியில் புகுந்து ஏரிக்குப் போய்ச் சேர்ந்தன. மேகலா பால்கனியில் நின்று, கடைசித் தவளை தண்ணீரில் குதிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருடம் பிஸ்கட்டை வளர்த்தபோது இல்லாத ஒரு சந்தோஷம் அவளுக்கு அன்று வந்தது; அதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இதழினியின் தலையை வாரிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் லேபிலிருந்து வந்ததும் நேராகக் கரைக்குப் போனாள். டஃபி பிடிபட்ட அன்று 302இன் விரால்கள் கிளம்பின. ஜிலேபி வந்த அன்று மடையான்கள் ஏழும் துணிக்கொடியை விட்டுப் பறந்தன. ஒவ்வோர் ஆமையையும் அதனதன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். சிலர் அடையாளம் தெரியவில்லை என்றார்கள்; சிலர் அவள் வருவதைக் கதவிலிருந்த பொத்தானளவு கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வீட்டில் இல்லாமல் போனார்கள். பி பிளாக்கில் தனியாக இருந்த ரெஜினா டீச்சர் மட்டும் தன்னுடையதைப் பார்த்ததும், "ஐயோ, எவ்ளோ பெருசாயிட்ட" என்று அழுது வாங்கிக்கொண்டார். மற்றவை எல்லாம் 304இன் ஹாலுக்கு வந்தன. முதலில் டீப்பாய் போனது, பிறகு சோபா போனது, பிறகு சாப்பாட்டு மேஜை போனது; அந்த இடங்களில் தொட்டிகளும் அகன்ற டப்புகளும் வந்தன.

சி பிளாக்காரர்களுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குள் கிடைத்துக்கொண்டிருந்த மீன் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை கேமராக்காரர்கள் குறைந்தார்கள். குடியிருப்பில் ஏற்கெனவே வழங்கப்பட்டு வந்த ஏரி வசதியைத் தன்னிச்சையாகக் குறைத்து வருவதற்காக உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு, அசோசியேஷன் மேகலாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

சுகந்தன் அந்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு டப்புகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றான். இன்னொரு காலை வைக்க இடமில்லை.

"நான் அந்தப் ப்ராஜெக்ட்டுக்கு விளம்பரம் எழுதுறேன், நீ அந்த எடத்துல போய்த் தவளைய விட்டுட்டு வர்ற. ஆபீஸ்ல சிரிக்கிறாங்க மேகி. முப்பத்தேழு ஆமை! இது வீடா?"

"முப்பத்தெட்டு. பாத்ரூம்ல ஒண்ணு இருக்கு."

"யாரோ விட்ட ஆமைக்கு நீ ஏன் பொறுப்பு?"

"பேனர் யாரு எழுதுனது?"

அவன் நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் அவளோடு சாப்பாடு, ஸ்கூல் ஃபீஸ், காஸ் சிலிண்டர் தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஆனால் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. படுக்கையறையில் கட்டில்மேல் உட்கார்ந்து லேப்டாப்பில் இரண்டாம் கட்டத்தின் அழகை எழுதிக்கொண்டிருந்தான்.

நூறு நாள் கெடுவின் தொண்ணூற்றிரண்டாம் நாள் ஏரியில் மிச்சம் இருந்தது பிஸ்கட் மட்டும்தான். வீட்டுக் குளியலறையில் மிச்சம் இருந்தது முதலில் வந்த அந்தக் கறுப்பு ஆமை மட்டும்தான். பிஸ்கட் கூண்டுக்கு மசியவில்லை. நாற்பது ஆமைகளின் பங்கையும் சேர்த்துத் தின்று அது முறம் அளவுக்கு ஆகியிருந்தது. பலகையில் கால் வைத்தால் கூண்டே கவிழ்ந்தது. கடைசியில் மேகலா பழைய தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, இடுப்பளவு சேற்றில் இறங்கினாள். கரையில் இதழினியின் கையைப் பிடித்துக்கொண்டு முனிரத்தினம், "பாத்தும்மா, கால மெதுவா வையி, பள்ளம் கீது" என்று சொல்லிக்கொண்டே நின்றார். மேகலா டப்பாவைக் குலுக்கினாள். பாறைமேலிருந்த தலை திரும்பியது. பிஸ்கட் தண்ணீரில் சரிந்து, நேராக அவளிடம் நீந்தி வந்து, அவள் இடது கை ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டது. அவள் கத்தவில்லை, கவ்விய விரலோடு சேர்த்து அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கரையேறினாள். புடவையில் ரத்தம் வழிந்தது.

"அம்மா, அதுக்கு நம்மள ஞாபகம் இருக்கா?" என்றாள் இதழினி.

"டப்பாவ ஞாபகம் இருக்கு கண்ணு."

அன்று சாயங்காலம் கறுப்பு ஆமை குளியலறையிலிருந்து வெளியே வந்தது. பச்சைத் தண்ணீர் அதன் பின்னாலேயே ஒரு சேலைத்தலைப்புபோல வடிந்து போனது. மேகலா லிஃப்ட் பொத்தானை அழுத்திக் கொடுத்தாள். மனிதர்கள் போகிற லிஃப்ட்தான்.

ஏரி தன் இடத்துக்குப் போய்விட்டது, ஃபைல் போகவில்லை. மேகலாவும் முனிரத்தினமும் அதிகாரியை அழைத்து வந்து கரையில் நிறுத்தினார்கள். அவர் மடையான்களைப் பார்த்தார், துளிர்க்கிற அல்லியைப் பார்த்தார், ஒரு விரால் துள்ளியதில் அவர் சட்டை நனைந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா கண்ணால பாத்தத ஃபைல்ல வைக்க முடியாதும்மா. ஏரி முகவரி சி பிளாக்னு பதிவாயிருக்கு. ஏரி இங்கதான் இருக்குன்னு குடியிருக்கறவங்க எழுதிக் குடுக்கணும். கையெழுத்து வேணும், ரவுண்டு சீல் வேணும்."

கனகசபாபதி சீல் தர மறுத்துவிட்டார். மேகலா வீடு வீடாகப் போனாள். ஆமை விட்ட வீடுகள் பலவற்றில் ஏற்கெனவே அவளுக்குக் கதவு திறப்பதில்லை. இப்போது மற்ற வீடுகளும் சேர்ந்துகொண்டன. ரெஜினா டீச்சரின் ஒரே ஒரு கையெழுத்தோடு திரும்பி வந்து, டப்புகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். இன்னும் ஐந்து நாள் இருந்தது. மண் லாரிகள் ஏற்கெனவே ரோட்டோரம் வரிசையாக வந்து நின்றிருந்தன.

மறுநாள் பகல் முழுக்க ஐப்பசி மழை பெய்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் விட்டது. விட்டதும் ஏரியில் தவளைகள் தொடங்கின. ஒரு வருடம் கத்தாமல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம், குளியலறை வாழ்க்கையில் சுற்றறிக்கைக்கு அடங்கி விழுங்கியதையெல்லாம் சேர்த்துக் கத்தின. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. டிவியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது கேட்காததால் பல வீடுகளில் சண்டை நின்றுபோனது. மறுநாளும் மழை, மறுநாளும் கச்சேரி. மூன்றாம் நாள் அசோசியேஷன் அவசரக் கூட்டம் கூடி, புகார் கொடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. எழுதத் தெரிந்தவர் யார்? சுகந்தன் எழுதினான்.

மூன்று பக்கம் எழுதினான். இருநூற்றுப் பதினெட்டுப் பேர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். கனகசபாபதி ஒவ்வொரு பக்கத்திலும் ரவுண்டு சீல் குத்தினார், கோபத்தில் ஒரு பக்கத்தில் இரண்டு முறை குத்தினார். அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கியதும், அதன் நகல் ஒன்றைச் சுகந்தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிஸ்கட்டின் டப்பு விளிம்பில் வைத்துவிட்டுப் போனான்.

மேகலா எடுத்துப் படித்தாள். செவலூர் கிராமம், சர்வே எண் 117இல் தொன்றுதொட்டு இருந்துவருவதும், தற்போதும் மேற்படி இடத்திலேயே முழு உயிரோட்டத்துடன் இயங்கிவருவதுமான ஏரியிலிருந்து என்று அது தொடங்கியது. எத்தனை வகைத் தவளை, எத்தனை மடையான், தாழைக்கோழிக் குஞ்சுகள் எந்தப் பக்கம், விரால் எந்த நேரம் துள்ளுகிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. குழந்தைகள் படிக்க முடியவில்லை என்பது கடைசி வரியில் ஒரு ஓரமாக இருந்தது. அவன் எதையும் பார்க்காமல் எழுதுகிறவன் என்று நினைத்திருந்தாள். இதை எழுத அவன் மூன்று நாள் பால்கனியில் நின்றிருக்க வேண்டும்.

நகலை எடுத்துக்கொண்டு அவள் முனிரத்தினத்தோடு அதிகாரியிடம் ஓடினாள். அவர் மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார், சீலைத் தடவிப் பார்த்தார்.

"இருநூத்திப் பதினெட்டுப் பேர் சத்தம் தாங்கலன்னு எழுதியிருக்காங்க," என்றார். "சத்தம் போடுதுன்னா இருக்குதுன்னுதானே அர்த்தம்?" முகவரி மாற்றத்தை ரத்து செய்து குறிப்பு எழுதினார். புகார்மீதான நடவடிக்கை என்ற கட்டத்தில், 'ஏரிக்கு அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதினார்.

மண் லாரிகள் வேறு ஏதோ ஏரியைத் தேடிப் போயின. முனிரத்தினம் வெளியே வந்ததும், "வர்றேம்மா, இருட்டறதுக்குள்ள ஒரு வீச்சு போட்டுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

மேகலா வீட்டுக்கு வந்தபோது சுகந்தன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலில் குந்தியிருந்தான். பில்டர் அவனை விளம்பர வேலையிலிருந்து நீக்கிவிட்டதாக மத்தியானமே தகவல் வந்திருந்தது. ஒரு கையில் பழைய டூத் பிரஷ், இன்னொரு கையில் பெப்பர். ஓட்டின் இடுக்கிலிருந்த பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பெப்பர் அவன் கட்டைவிரலைக் குறிபார்த்துக் கழுத்தை நீட்டியது.

"ஒரு புகாருக்கு எதுக்கு இவ்ளோ நீளமா எழுதுன?" என்றாள்.

"சும்மாதான்," என்றான் நிமிராமல். "இன்னும் எத்தன பாக்கி?"

"முப்பத்தொம்பது."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டப்பின் மறுபக்கத்தில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "வயித்துப் பக்கமும் தேய்," என்றாள். "அங்கதான் அழுக்கு நிக்கும்."